எழுபதில் சேராத இருவர்

கிபியோன் ஊர் எண்ணெய் வியாபாரி சபத்தாய் அலெக்சாந்திரியாவுக்குக் கப்பல் ஏறியது, வாக்குவாதம் செய்ய ஆள் கிடைக்கும் என்றுதான்.

அழைத்தவர்கள் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்க்கத்தான் அழைத்தார்கள். ஆனால் எருசலேமிலிருந்து ஆள் தேடி வந்த தூதுவர் பேச்சுவாக்கில், "எழுபத்திரண்டு பேர், பெரியவரே! ஒரே கூடத்துல உக்காந்து ஒவ்வொரு சொல்லையும் அலசி முடிவு பண்ணப் போறீங்க" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவர் சொன்ன மரியாதை, மன்னர் தரும் வெகுமதி, எதுவும் சபத்தாயின் காதில் விழவில்லை. எழுபத்திரண்டு பேர். சொல்லுக்கு ஒரு சண்டை. கணக்குப் போட்டுப் பார்த்தால் சாகும்வரை வரும்.

அவருடைய மனைவி யெமிமா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் இருந்தவரை அவர் தொடங்கிய எந்த வாக்கியமும் மறுப்பில்லாமல் முடிந்ததில்லை. மழை வரும் என்றால் வராது என்பாள். வந்து இருவரும் தொப்பலாக நனைந்தாலும், "இதுக்குப் பேரு மழையா? தூறல்" என்பாள். அவள் போனபிறகு வீட்டில் அவர் சொன்னதெல்லாம் சரியாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. எண்ணெய்ச் சாடிகள் எதற்கும் ஆட்சேபணை சொல்லவில்லை. அந்த அமைதியில் அவருக்குப் பைத்தியம் பிடிக்காதது ஆச்சரியம்தான். கிரேக்கம் அவருக்கு வந்ததே கோட்டைச் சிப்பாய்களோடு எண்ணெய் விலைக்குச் சண்டை போட்டுத்தான். முதலில் வசவு வந்தது, பிறகு இலக்கணம்.

நாங்கள் இந்த நகரத்து யூதர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு எபிரேயத்தில் அழக்கூடத் தெரியாது. ஓய்வுநாளில் வேதம் வாசிக்கும்போது கொட்டாவி விட்டுக்கொண்டு கிரேக்கத்தில் கிசுகிசுப்பார்கள். ஆகவே மொழிபெயர்ப்பு எங்களுக்குத் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் புனித நூல் பெயர்ப்பு அலுவலகம் தொடங்கப்பட்டது எங்களுக்காக இல்லை. மன்னரின் நூலகத்தில் ஓர் அலமாரி காலியாக இருந்தது. விருந்தாளி ஒருவர் அதைப் பார்த்துவிட்டார்.

அலுவலகத்தின் தலைவர் எவாந்திரோஸ். நடுத்தர வயது, எண்ணெய் தடவி வாரிய தாடி, எதையும் உரக்க வாசிப்பதுபோலவே பேசும் குரல். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் யாராவது எதிர்த்திருப்பார்கள். கப்பல் வந்த அன்று துறைமுகத்தில் மேசை போட்டு அவரே உட்கார்ந்திருந்தார்.

"கோத்திரம்?" என்றார் சபத்தாயைப் பார்த்து.

"பென்யமீன்."

"பென்யமீன் நிரம்பிப் போச்சு. பன்னிரண்டு கோத்திரம், கோத்திரத்துக்கு ஆறு பேர். செபுலோன்ல இடம் இருக்கு."

"ஐயா, செபுலோன்காரங்கள அசீரியாக்காரன் பிடிச்சிட்டுப் போய் நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்படி ஒரு கோத்திரம் இப்ப எந்தத் திக்குல இருக்குன்னே யாருக்கும் தெரியாது."

"அதனாலதான் இடம் இருக்கு" என்றார் எவாந்திரோஸ்.

சபத்தாய் செபுலோன் ஆனார். அவருக்குப் பின்னால் வந்த ஒருவர் "நானும் பென்யமீன்தான், முடியாது, மாத்த மாட்டேன்" என்று பெருங்குரலில் கத்துவதும், பிறகு நப்தலியில் சேர்க்கப்பட்டதாக அறிவிக்கப்படுவதும் காதில் விழுந்தது. அந்தக் குரல் சபத்தாய்க்குப் பிடித்திருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் காவலர்கள் நகர்த்திவிட்டார்கள்.

முதலில் விருந்து. தினம் கொஞ்சம் பேர் என்று மன்னர் முன்னால் உட்காரவைத்து, ஆளுக்கொரு கேள்வி கேட்டு, அவர்களுடைய ஞானத்தை மன்னர் வியப்பது என்று ஏற்பாடு. கேள்வியும் பதிலும் அன்று காலையே அலுவலகத்திலிருந்து கொடுத்துவிடுவார்கள். வியப்பு மட்டும் மன்னருடையது. சபத்தாய் கடைசி ஆள். அவருடைய முறை வந்தபோது மன்னர் எழுந்து போயிருந்தார்.

"ஆள் இல்லையே?" என்றார் சபத்தாய், காலியான மஞ்சத்தைக் காட்டி.

"முறை இருக்கு" என்றார் எவாந்திரோஸ். தானே கேள்வியைக் கேட்டார்: "மன்னனுக்கு வேண்டிய தலையாய குணம் யாது?"

சபத்தாய் மெத்தையில் பதிந்திருந்த குழியைப் பார்த்து, காலையில் மனப்பாடம் செய்த பதிலைச் சொன்னார்: "பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது."

மன்னர் சார்பில் எவாந்திரோஸ் வியந்தார். பரிமாற வந்தவர்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் கடலுக்குக் குறுக்கே போட்டிருந்த அணைப்பாதை வழியாக எல்லோரையும் ஃபாரோஸ் தீவுக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். அங்கே கடலைப் பார்த்து வரிசையாக அறைகள் கட்டப்பட்டிருந்தன. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. சபத்தாய் கண்ணுக்கெட்டிய தூரம் கூடத்தைத் தேடினார். எவாந்திரோஸ் ஒரு கல்மேல் ஏறி நின்று பேசினார்.

"கூடம்னு யாரோ உங்ககிட்ட சொல்லியிருக்காங்க. கூடம் கிடையாது. யோசிச்சுப் பாருங்க. எழுபத்திரண்டு பேரும் ஒரே கூடத்துல உக்காந்து, பேசி, ஒரே மாதிரி எழுதினா அதுக்குப் பேரு என்ன? வேலை. தனித்தனியா அடைச்சு வெச்சு, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம ஒரே மாதிரி எழுதினா? அற்புதம்! மன்னர் நம்ம அலுவலகத்துக்குப் பணம் ஒதுக்கினது அற்புதத்துக்குத்தான். வேலைக்கு இல்லை."

"ஒரே மாதிரி வரலைன்னா?" என்று கூட்டத்தில் அந்தப் பெருங்குரல் கேட்டது.

"வரும்."

"எப்படி வரும்?"

"அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு."

அத்தோடு கதவுகளைச் சாத்தினார்கள்.

அறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு தண்ணீர்க் குடம், ஒரு சன்னல். சாப்பாட்டைக் கதவுக்குக் கீழே ஒரு பொந்து வழியாகத் தள்ளினார்கள்: பருப்புக் கஞ்சி, வெங்காயம், வாற்கோதுமை ரொட்டி, சில நாள் பொரித்த மீன். தள்ளும் கையைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. சபத்தாய் அந்தக் கையோடு பேசிப் பார்த்தார். "உப்பு கூடிப்போச்சு" என்றார். கை போய்விட்டது. "உப்பே இல்லை" என்றார் மறுநாள். கை அதற்கும் போய்விட்டது.

தீவின் மறுமுனையில் கலங்கரை விளக்கம் எழும்பிக்கொண்டிருந்தது. கல் தச்சர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது காற்றுவாக்கில் வரும். எகிப்திய மொழி, அவருக்கு ஒரு சொல்லும் புரியாது. இருந்தாலும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒருவன் கத்தி முடித்ததும் மற்றவன் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறான் என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவர்கள் வேலையை முடித்துப் போனபிறகு கடல் மட்டும் இருக்கும். கடல் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும். அதோடு வாதம் செய்ய முடியாது.

ஒருநாள் பக்கத்து அறையில் யாரோ தும்மினார்கள். சுவரைத் தாண்டி வந்த முதல் மனிதச் சத்தம். சபத்தாய் தன்னை மறந்து, "நல்லா இருங்க!" என்று கத்திவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் எவாந்திரோஸ் கதவுக்கு வெளியே வந்து நின்றார். "தும்மலுக்குப் பதில் சொன்னீங்களாமே."

"ஆமா ஐயா. வழக்கம்."

"தும்மல் அவருடைய சொந்த விஷயம். பதில் சொன்னா அது கலந்தாலோசனை. அற்புதத்தைப் பாதிக்கும். இனிமே யாராவது தும்மினா நீங்க சும்மா இருக்கணும்."

"மனசுக்குள்ள சொல்லலாமா?"

எவாந்திரோஸ் சற்று யோசித்தார். "எழுத்து மூலமா தடை எதுவும் இல்லை" என்றார்.

எழுதியதை நாள்தோறும் வாங்கிக்கொண்டு போய் ஒருமைப்பாட்டுப் பிரிவில் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யாருக்கும் எபிரேயம் தெரியாது. தெரிந்தால் பாரபட்சம் வரும் என்று எவாந்திரோஸ் கவனமாகப் பொறுக்கி எடுத்திருந்தார். எல்லோருடைய சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, எந்தச் சொல் அதிகம் பேரிடம் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்குச் சீட்டு அனுப்பினார்கள். சீட்டில் 'திருத்துக' என்று இருக்காது. 'தாங்கள் எழுதியது பின்வருமாறு' என்று இருக்கும்.

"நான் இதை எழுதவே இல்லையே" என்றார் சபத்தாய் முதல் சீட்டைப் பார்த்ததும்.

வெளியே கிரேத்தா தீவுக்காரக் காவலன் ஒருவன் நின்றான். பேசக் கூடாது என்பது அவனுக்கும் உத்தரவு. பாவம் பார்த்து வாயைத் திறக்காமலே முணுமுணுத்தான்: "நீங்க என்ன எழுதினீங்கன்னு உங்களுக்கே தெரியாதாம் பெரியவரே. அதுதான் அற்புதமாம்."

வேலை தொடங்கிக் கொஞ்ச நாளில், ஆதாமை மண்ணிலிருந்து உண்டாக்கி முடித்த இடத்துக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். மனிதன் தனியாக இருப்பது நல்லதில்லை என்று கடவுள் சொல்கிற இடம். சபத்தாய் அந்த வரியை எழுதும்போது எழுதுகோலை இரண்டு முறை கீழே வைத்தார். சொல் தேடி இல்லை. சொற்கள் கையோடு வந்தன. சன்னலுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கத்தான் வைத்தார்.

மறுநாள் அவரை விசாரணைக்கு அழைத்தார்கள். எவாந்திரோஸின் மேசைமேல் சுருள்கள் மலைபோல் குவிந்திருந்தன. அவர் முகம் வெளுத்திருந்தது.

"உக்காருங்க. உங்களுக்கு என்ன குறை வெச்சோம்?"

"குறையா?"

"கடல் பாத்த சன்னல். தனி விளக்கு, தனிக் குடம். தனிமைய இந்த அளவுக்கு மன்னர் யாருக்கும் வழங்கினதில்லை. அதைப் போய் நல்லதில்லைன்னு எழுதியிருக்கீங்க."

"நான் சொல்லல ஐயா. கடவுள் சொல்றாரு."

"எல்லாரும் அதையேதான் சொல்றீங்க." அவர் ஒரு சுருளை விரித்தார், இன்னொன்றை விரித்தார். "பாருங்க. எழுபத்திரண்டு பேர். ஒரு எழுத்துப் பிசகல. கலந்து பேசாம இது எப்படி முடியும்?"

சபத்தாய் குனிந்து பார்த்தார். எழுபத்திரண்டு கையெழுத்து. கோணல், நிமிர்ந்தது, நடுங்கியது. எல்லாம் அதே வரி. அத்தனை சுவருக்குப் பின்னாலும் ஒவ்வொருவராக இருந்திருக்கிறார்கள்.

"இதைத்தானே ஐயா அற்புதம்னு சொன்னீங்க?"

"அற்புதம் இன்னும் தொடங்கல!" என்று எவாந்திரோஸ் சீறினார். "அதுக்கு நாள் குறிச்சிருக்கு. அதுக்கு முன்னாடி தன்னால ஒத்துப்போனா அதுக்குப் பேரு சதி." குரலைத் தாழ்த்தினார். "சரி, உங்க கடவுள் சொல்றாருன்னே வெச்சுக்குவோம். யார்கிட்ட சொல்றாரு?"

சபத்தாய் யோசித்தார். "யாரும் இல்லை. அந்தாளு ஒருத்தன்தான் இருக்கான். அவன்கிட்டயும் சொல்லல. தனக்குத் தானே சொல்லிக்கிறாரு."

"அப்ப அவருக்கும் பேச ஆளில்லை" என்றார் எவாந்திரோஸ் வெற்றியோடு. "ஆளில்லாம ஒருத்தர் தானாப் புலம்பினதைப் புகாரா எடுத்துக்க விதி இல்லை. வரி இருக்கட்டும்." எழுதுகோலை எடுத்து எதையோ குறித்தார். "அடுத்த சொல்லுக்கு வாங்க. அந்தாளுக்கு ஒரு துணைய உண்டாக்குவேன்னு உங்க கடவுள் சொல்ற இடம். இதுல எல்லாரும் தாறுமாறா எழுதியிருக்கீங்க. 'ஏற்ற துணை'ன்னு நிறையப் பேரு. நீங்க என்ன, 'எதிர்த்து நிற்கும் துணை'ன்னு?"

"எபிரேயத்துல அப்படித்தான் இருக்கு. எதிர்ல நிக்கிற துணை. எதிர்க்கிற துணைன்னும் எடுத்துக்கலாம்."

"எதிர்க்கிறவன் எப்படித் துணை ஆவான்?"

"எனக்கு ஒருத்தி ஆனாளே, ஐயா."

"யாரு?"

"என் பொண்டாட்டி."

எவாந்திரோஸ் பின்னால் சாய்ந்தார். "நான் இந்த அலுவலகத்துக்கு வந்து பதினோரு வருஷம். இங்க என்னை எதிர்த்து ஒரு ஆள் ஒரு வார்த்தை பேசினதில்லை. பேசினவங்க இப்ப இங்க இல்லை. சுத்தி இருக்கிறவங்க அத்தனை பேரும் நான் சொன்னதுக்குத் தலையாட்டுறவங்க. எனக்கு எத்தனை துணை தெரியுமா?"

"எத்தனை ஐயா?"

எவாந்திரோஸ் விரலை மடக்க ஆரம்பித்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். கடலில் ஒரு படகும் இல்லை.

"'ஏற்ற' தான். தாங்கள் எழுதியது 'ஏற்ற'. போகலாம்."

குறித்த நாளில் அற்புதம் நடந்தது. கடற்கரையில் பந்தல் போட்டு எங்களையெல்லாம் வரவழைத்தார்கள். எழுபத்திரண்டு அறைகளின் கதவுகளும் ஒரே சமயத்தில் திறந்தன. கண் கூசிக்கொண்டு வெளியே வந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுருள்களை ஒப்பிட்டார்கள். ஓர் எழுத்து வேறுபாடு இல்லை. எங்கள் ஆட்கள் மண்ணில் விழுந்து அழுதார்கள். நானும் அழுதேன். பொய் சொல்லவில்லை, வாசித்தது எங்களுக்குப் புரிந்தது. என் மகள் கொட்டாவி விடாமல் கேட்டாள். இந்த நூலில் ஓர் எழுத்தை மாற்றுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று அறிவித்தபோது, ஒருமைப்பாட்டுப் பிரிவினர்தான் எல்லோருக்கும் முன்பாக ஆமென் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த நாள் சபத்தாயையும் இன்னொருவரையும் மட்டும் எவாந்திரோஸ் கூப்பிட்டு அனுப்பினார். அந்த இன்னொருவர் குட்டையாக, ஒல்லியாக இருந்தார். வாயைத் திறந்ததும் சபத்தாய்க்குத் தெரிந்துவிட்டது. துறைமுகத்தில் கத்திய குரல். பெயர் பெராக்யா.

"நூலுக்குப் பேர் வைக்கணும்" என்றார் எவாந்திரோஸ். "'எழுபத்திரண்டு பேரின் நூல்'னு மன்னர் சபையில சொல்லிப் பாத்தோம். வாயில நிக்கல. 'எழுபது'ன்னு சொன்னா கம்பீரமா இருக்கு. பேரு அதுதான். அதனால எழுபது பேர்தான் வந்தாங்க."

"நாங்க?" என்றார் சபத்தாய்.

"நீங்க கடைசி ரெண்டு பேர். நீங்க வரல."

"இதோ வந்து நிக்கிறோமே!" என்று பெராக்யா கத்தினார்.

"சத்தம் போடாதீங்க. உங்க நூல்லயே ஆதாரம் இருக்கு. மோசே எத்தனை மூப்பர்களைக் கூட்டினார்? எழுபது."

"அதே இடத்துல, ரெண்டு பேரு கூட்டத்துக்குப் போகாம பாளையத்துலயே தங்கிட்டாங்க, அவங்க மேலயும் ஆவி இறங்கிச்சுன்னு இருக்கே! படிச்சீங்களா?"

"தங்கிட்டாங்க, இல்லையா?" என்றார் எவாந்திரோஸ் அமைதியாக. "நானும் அதைத்தான் சொல்றேன்."

ஊர் திரும்பும் கப்பலில் எழுபது பேருக்குத்தான் இடம். நகரத்தை விட்டு வெளியேற அனுமதிச் சீட்டு வேண்டும். வராதவர்களுக்குப் போக அனுமதி கொடுத்தால் எப்போது வந்தார்கள் என்று கேள்வி வரும். எவாந்திரோஸ் மிகவும் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"நாங்க எங்க தங்குறது?"

"வராதவங்க எங்க வேணும்னாலும் தங்கலாம். கட்டுப்பாடே இல்லை."

இருவரும் அணைப்பாதையில் நடந்தார்கள். பாதி வழியில் பெராக்யா மூக்கைப் பிடித்துக்கொண்டு தும்மினார். சபத்தாய் நின்றுவிட்டார்.

"நீங்கதானா அது? பக்கத்து அறை?"

"நீங்கதானா அந்த 'நல்லா இருங்க'?" பெராக்யா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கப்புறம் எத்தனை தடவ வேணும்னே தும்மினேன் தெரியுமா? மூக்குல வெங்காயத் தோலை விட்டுக் கிளறி! ஒரு பதிலும் காணோம்."

"மனசுக்குள்ள சொன்னேன்."

"மனசுக்குள்ள சொன்னா எவனுக்குக் கேக்கும்?"

எங்கள் தெருவில் வலை பின்னுகிறவர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. அன்று தொடங்கியது சண்டை. 'ஏற்ற துணை' என்று எழுதியவர்களில் பெராக்யாவும் ஒருவர். அதை அவர் ஒருமைப்பாட்டுப் பிரிவு சொல்லி எழுதவில்லை. சொந்தப் புத்தியில் எழுதியிருந்தார். அதுதான் சபத்தாயால் தாங்க முடியவில்லை.

"'ஏற்ற'ன்னா என்ன அர்த்தம்? செருப்புக்கு ஏற்ற காலா?"

"'எதிர்'னா என்ன? பொண்டாட்டி என்ன பகை நாட்டுப் படையா? அறிவோட எழுதினீங்களா?"

"யெமிமாவப் பாத்திருந்தா இப்படிக் கேக்க மாட்டே!"

மூன்றாம் நாளே 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. காலையில் ரொட்டி பிய்க்கும்போது தொடங்குவார்கள். இறக்கிவைத்த பருப்பு ஆறி ஆடை கட்டிவிடும். மேல்மாடியில் குடியிருந்த நாங்கள் முதலில் அடிதடி என்று ஓடி வந்தோம். பிறகு பழகிவிட்டது. என் மனைவி ஒருநாள், "அந்தச் செபுலோன்காரரு சிரிக்கிறதப் பாத்தீங்களா? தோத்துப்போகும்போது சிரிக்கிறாரு" என்றாள். இருவரும் துறைமுகத்தில் எண்ணெய்ச் சாடி இறக்கும் இடத்தில் கணக்கு எழுதிச் சாப்பிட்டார்கள். அங்கேயும் சண்டைதான். சபத்தாய்க்குக் கொஞ்சம் சதை போட்டது.

இலையுதிர்காலப் புயல்களுக்கு முன்னால், எழுபது பேரையும் ஏற்றிக்கொண்டு கடைசிக் கப்பல் கிளம்புவதாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் இருக்கையில் கிரேத்தாக் காவலன் வந்து இருவரையும் அழைத்துக்கொண்டு போனான்.

எவாந்திரோஸ் எழுந்து நின்று வரவேற்றார். "துக்கமான செய்தி. எழுபது பேர்ல ஏலியாகீம்னு ஒரு பெரியவர் காய்ச்சல்ல போயிட்டார். ஆனா எழுபது பேரும் நலமா ஊர் திரும்பினாங்கன்னு கல்லுல வெட்டியாச்சு. கல்லு பெரிய கல்லு. அதனால..." என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள்ல ஒருத்தர் ஏலியாகீம்."

"செத்தவர்?" என்றார் பெராக்யா.

"செத்தவர் வராதவர். அவரை அப்படித்தான் புதைச்சிருக்கோம். உங்கள்ல ஒருத்தர் பேர்ல."

"யாரு பேர்ல?"

"போகப்போறவர் பேர்ல. அதை நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க. ரெண்டு பேரும் தாராளமா கலந்தாலோசிக்கலாம்." அவர் முகத்தில் கருணை பொங்கியது. "இனிமே அதுக்குத் தடையில்லை."

வெளியே வந்து, காயப்போட்ட வலைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். பெராக்யாவுக்கு எம்மாவூரில் மனைவி இருந்தாள், கட்டிக்கொடுக்காத இரண்டு பெண்கள் இருந்தார்கள். தூக்கத்தில் அவர்களைப் பெயர் சொல்லி அதட்டுவார். சபத்தாய்க்கு அது தெரியும். 'நீ போ' என்று தான் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இத்தனை நாளில் தான் சொன்ன எதற்கும் பெராக்யா சரி என்றதில்லை.

"நான் போறேன்" என்றார் சபத்தாய்.

பெராக்யா நிமிர்ந்தார். "நீயா? நீ எதுக்கு?"

"எனக்கு ஊரு இருக்கு. வீடு இருக்கு. எண்ணெய்ச் செக்கு இருக்கு."

"செக்கு உன்னத் தேடிச்சா? போய்க் கதவத் தொறந்தா 'வா'ன்னு சொல்ல அங்க யாருய்யா இருக்கா உனக்கு?"

சொன்ன பிறகுதான் பெராக்யாவுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. வாய் திறந்தபடி இருந்தது. சபத்தாய் வலையின் ஒரு கண்ணியில் விரலை விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சரிதான்" என்றார் மெதுவாக. "இதுல நீ சொல்றதுதான் சரி."

"யோவ், நான் அப்படிச் சொல்ல வரல..."

"சொல்லிட்டே. நான் ஒத்துக்கிட்டேன். முடிஞ்சுது."

பெராக்யா எழுந்து கொஞ்ச தூரம் நடந்தார். திரும்பி வந்தார். "வேணும்னே செஞ்சே" என்றார். "என் வாயப் பிடுங்கி..." தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் பேசாமல் வீடு திரும்பியது அன்றைக்கு ஒருநாள்தான்.

கப்பல் கிளம்பிய காலையில் கடற்படிக்கட்டு முழுவதும் மாலையும் கொடியும். எவாந்திரோஸ் கையைக் குவித்துப் பெயர் சொல்லி அழைக்க, ஒவ்வொருவராக ஏறினார்கள். "ஏலியாகீம்!" என்றபோது பெராக்யா நகரவில்லை. சபத்தாய் அவரை முதுகில் கைவைத்துத் தள்ளினார். மீன்காரிகளும் சுமைகூலிகளும் எழுபது வாழ்க என்று கத்தினார்கள்.

விழா உடைகளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு அலுவலகத்தார் போய்விட்டார்கள். நானும் சபத்தாயை அழைத்துக்கொண்டு போகலாம் என்று நின்றிருந்தேன். அவர் படிக்கட்டின் கடைசிப் படியில், தண்ணீர் காலை நனைக்க நின்றார். கப்பல் துறைமுக வாயை நெருங்கியபோது பின்பக்கத்தில் ஒரு குட்டை உருவம் கம்பத்தைப் பிடித்து ஏறி நின்றது. இரு கைகளையும் வாயருகே குவித்து எதையோ கத்தியது. காற்று பாதியைத் தின்றுவிட்டது. "...துணை!" என்பது மட்டும் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் 'எதிர்' என்று சொன்னாரா, 'ஏற்ற' என்று சொன்னாரா, எனக்குக் கேட்கவில்லை. விட்டுக்கொடுத்தாரா, கடைசிவரை விடவில்லையா, தெரியவில்லை.

சபத்தாய் யோசிக்கவே இல்லை. அவரும் கைகளைக் குவித்தார்.

"தப்பு!" என்று கத்தினார். "தப்பு! தப்பு!"

கப்பல் முனையைத் தாண்டி மறையும்வரை கத்திக்கொண்டே இருந்தார். பிறகு காற்றுப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

யாரும் மறுக்கவில்லை.